தண்ணீர்க் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கொல்லைப்புறத்தில் மீன் வளர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். குட்டை வெட்ட எவ்வளவு, தார்ப்பாய்க்கு எவ்வளவு, குஞ்சுக்கு எவ்வளவு, தீவனத்துக்கு எவ்வளவு, எட்டு மாதம் கழித்துக் கைக்கு எவ்வளவு என்று ரூபாய்க் கணக்கெல்லாம் வரிசையாக இருந்தது. தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி. தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எப்படிப் பார்ப்பது? எட்டிப் பார்த்தா, மோந்து பார்த்தா? இப்படி ஒரு வரியை நம்பி இறங்கி அடிபட்டவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் எண்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமத்துக்காரன். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக 28 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பியூரெட், பிப்பெட் கழுவியே காலம் போனது. அப்படிப்பட்ட நான் என் கொல்லைக் குட்டைத் தண்ணீரை ஒரு நாள்கூடச் சோதித்துப் பார்க்காமல் 150 மீன் விட்டேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

குட்டை பாட்டி காலத்தது. பாத்திரம் தேய்க்க, மாடு குளிப்பாட்ட, வாழைக்கு இறைக்க என்று இருந்ததை நான்தான் ஆழப்படுத்தி மீன் குட்டையாக்கினேன். 20 அடிக்கு 15 அடி, நாலடித் தண்ணீர் நிற்கும், கணக்குப் போட்டால் 34,000 லிட்டருக்குப் பக்கம். குஞ்சு கொண்டுவந்து கொடுத்தவர் கட்லா, ரோகு என்ற இரண்டு கெண்டை வகைகளையும் பாதிக்குப் பாதியாக 150 விட்டார். "இவ்வளவு தாங்குமா தம்பி?" என்று கேட்டேன். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு சார், தாராளமா தாங்கும்" என்றார். நானும் தலையாட்டினேன். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் எதுவும் இல்லாத சாதாரணக் குட்டையில் ஒரு ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 கெண்டைக் குஞ்சு என்பதுதான் பொதுவாகச் சொல்லும் அளவு. என் குட்டை 28 சதுர மீட்டர், முக்கால் சென்ட்கூட வராது. அந்தக் கணக்கில் 14 முதல் 28 மீன்தான் விடலாம். நான் விட்டது அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். உங்கள் கட்டுரையில் சொன்ன எண்ணிக்கையையும் அந்தக் குட்டையின் அளவையும் வைத்து நீங்களே ஒருமுறை வகுத்துப் பாருங்கள்.

ஏழு மாதம் எல்லாம் நன்றாகவே போனது. போன கார்த்திகையில் மூன்று நாள் வெயிலே இல்லை, மூட்டமும் தூறலுமாக இருந்தது. மீன் பசியோடு இருக்குமே என்று வழக்கம்போலக் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் கலந்து போட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் விடியற்காலை ஐந்து மணி இருக்கும், என் மனைவி வந்து எழுப்பினாள். "என்னங்க, மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பொளந்துகிட்டு நிக்குது, வந்து பாருங்க." டார்ச் அடித்துப் பார்த்தால் குட்டை முழுக்க வட்ட வட்டமாக வாய்கள். ஏழு மணிக்குள் எண்பதுக்கு மேல் மிதந்துவிட்டன. செத்ததெல்லாம் பெரியவை, கட்லாதான் அதிகம். சின்ன மீன்கள் பிழைத்துக்கிடந்தன. முதல் நாள் வரை பச்சையாக இருந்த தண்ணீர் அன்றைக்குச் சாம்பல் கலந்த பழுப்பாக மாறியிருந்தது. எங்கள் பக்கம் இதைத் தண்ணீர் திரும்பிவிட்டது என்பார்கள்.

யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு. எனக்கும் சந்தேகம்தான், பொய் சொல்லவில்லை, இரண்டு பேர் முகம்கூட மனதில் வந்து போனது. ஒரு பாட்டிலில் தண்ணீரை மொண்டுகொண்டு பத்து மணி பஸ் பிடித்து ஓர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். மறுநாள் முடிவு கொடுத்தார்கள், எல்லாமே நல்ல அளவில் இருந்தது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. தப்பு ஆய்வகத்தின் மேல் இல்லை. மீன் செத்தது ஐந்து மணிக்கு, நான் தண்ணீர் மொண்டது ஒன்பது மணிக்கு, அதுவும் மேலாக, அரை பாட்டில். அந்த அரை பாட்டில் தண்ணீர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் குலுங்கிக் குலுங்கிப் பாட்டிலுக்குள் இருந்த காற்றில் கலந்து போயிருக்கிறது. அவர்கள் சோதித்தது பாட்டில் தண்ணீரை. மீனைக் கொன்ற தண்ணீர் விடிவதற்கு முன்னாலேயே போய்விட்டது.

நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வந்ததே இதுதான். மீன் குட்டைத் தண்ணீரைக் குட்டைக் கரையில் நின்று, சரியான நேரத்தில் சோதிக்க வேண்டும். பாட்டிலில் அடைத்து ஊருக்கு அனுப்பினால் உப்பு, கடினத்தன்மை போன்றவை சரியாக வரும், ஆக்சிஜன் வராது, பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடு) மாறிவிடும், ஐஸில் வைக்காமல் தாமதித்தால் அம்மோனியாவையும் நம்ப முடியாது. மீனைக் கொல்வதோ இந்த மூன்றும்தான்.

ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். குட்டை பச்சையாக இருப்பது நுண்பாசியால். வெயில் இருக்கும்வரை அது ஆக்சிஜனைக் கொடுக்கும், இருட்டியதும் மீனோடு மீனாக அதுவும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அடியில் கிடக்கும் சேறும் மக்கும் தீவனமும் தங்கள் பங்குக்கு எடுக்கும். அதனால் சாயங்காலம் உச்சத்தில் இருப்பது இரவெல்லாம் இறங்கி, விடிவதற்குச் சற்று முன்னால் அடிமட்டத்துக்கு வந்துவிடும். மூட்டமான நாளில் பகல் சேமிப்பே குறைவு, இரவுச் செலவு மட்டும் அதே செலவு. மூன்று நாள் அப்படியே போனால் நாலாம் நாள் பெட்டி காலி. அதோடு வெயிலில்லாமல் பாசியும் செத்துப்போனால், செத்த பாசி மக்குவதற்கு ஆக்சிஜன் வேண்டும். அன்றைக்கு நடந்தது அதுதான். பெரிய மீன் முதலில், விடியற்காலையில், மேலே வாயைப் பிளந்தபடி செத்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறைதான், விஷம் வைத்தவனைத் தேட வேண்டாம். (அந்த இரண்டு பேரிடமும் இப்போது நன்றாகத்தான் பேசுகிறேன்.)

லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருந்தால் கெண்டைகள் நிம்மதியாக இருக்கும். 3-க்குக் கீழே போனால் தவிக்கும், தீவனம் எடுக்காது, நோய் ஒட்டும். 1-க்குப் பக்கத்தில் வந்தால் சாவு. நம் ஊர் 30 டிகிரிச் சூட்டில் தண்ணீர் தானாகப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆக்சிஜனே ஏழரை மில்லிகிராம்தான், குளிர்ந்த தண்ணீர் அதைவிட அதிகம் பிடிக்கும். ஆக நமக்கு விளிம்பு கம்மி.

அதை அளக்க மீட்டர் விற்கிறார்கள், விலை நமக்குக் கட்டாது. சொட்டு மருந்து மாதிரி பாட்டில்களில் வரும் சோதனைப் பெட்டி போதும். உள்ளே இருப்பது 1888-ல் வின்க்லர் என்ற ஹங்கேரிக்காரர் கண்டுபிடித்த முறைதான். சின்னப் பாட்டிலைத் தண்ணீருக்கு அடியில் முழங்கை ஆழத்தில் வைத்து நிரப்பி, காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் அங்கேயே மூடி, முதல் இரண்டு மருந்தையும் கரையிலேயே உடனே விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும், சுத்தமாக இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். அதற்கப்புறம் அமிலம், மஞ்சள் நிறம், ஸ்டார்ச், நீலம், ஹைப்போவை (சோடியம் தயோசல்பேட்) சொட்டுச் சொட்டாக விட்டு நீலம் மறைகிற இடத்தில் எண்ணிக்கை. முதல்முறை கரையில் குந்தி உட்கார்ந்து இதைச் செய்தபோது 28 வருடம் பையன்களைத் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. ஆக்சிஜன், பிஎச், அம்மோனியா, நைட்ரைட் நான்குக்கும் சேர்த்து இரண்டு மூட்டைத் தீவனத்தின் விலைக்குள் எனக்கு முடிந்துவிட்டது.

அப்புறம் ஒரு நோட்டு. தேதி, நேரம், வானம் எப்படி, எவ்வளவு தீவனம், எண்கள். முதல் வாரத்திலேயே கண் திறந்துவிட்டது. விடியற்காலை 5.30-க்கு ஆக்சிஜன் 2.5, அதே நாள் மதியம் மூன்று மணிக்கு 11. மாத்திரையை அரை நாள் சாப்பிட்டு அரை நாள் விட்டவனின் ரத்தக் கொதிப்பு மாதிரி ஏறி இறங்குகிறது. பிஎச் காலையில் 7.4, மதியம் 9. பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் அப்படி ஏறும். ஒரே குட்டை, ஒரே நாள். மதியம் மட்டும் சோதிப்பவர் என் குட்டையில் ஆக்சிஜன் பொங்குகிறது என்று தூங்கப் போய்விடுவார். ஏரேட்டர் வைத்திருக்கிறவர்களும் பாதிப்பேர் அதைப் பகலில், விருந்தாளி வந்தால் நீரூற்று மாதிரி அழகாக இருக்கிறதென்று ஓட்டிவிட்டு, இரவு மின்சாரச் செலவென்று நிறுத்துகிறார்கள். தலைகீழ். இரவு இரண்டு மணியிலிருந்து வெயில் வரும்வரை ஓடுவதுதான் முக்கியம், ஒரு டைமர் மாட்டினால் நாம் எழுந்திருக்கவும் வேண்டாம்.

இனி அம்மோனியா. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். போடுகிற தீவனத்தில் உள்ள புரதத்தில் பெரும்பங்கு மீனின் உடம்பில் சேர்வதில்லை, செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே வந்துவிடுகிறது. நல்ல புரதமுள்ள தீவனம் 1 கிலோ போட்டால் ஏறத்தாழ 30 கிராம் அம்மோனியா என்று வைத்துக்கொள்ளலாம். என் 150 மீனும் சராசரி கால் கிலோ வந்திருந்த சமயம், மொத்தம் 37 கிலோ மீன், அதில் 3 சதவீதம் தீவனம் என்றால் நாளைக்கு 1 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆக ஒவ்வொரு நாளும் லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் அம்மோனியாவை நானே கையால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். பாசியும் பாக்டீரியாவும் அதைத் தின்று தீர்த்ததால் பிழைத்தேன். அவை படுத்துக்கொண்டால் இரண்டு நாள் போதும்.

சோதனைப் பெட்டி காட்டுவது மொத்த அம்மோனியாவை. அதில் விஷமாக இருப்பது ஒரு பகுதிதான், அந்தப் பகுதி எவ்வளவு என்பதைப் பிஎச்தான் தீர்மானிக்கிறது. 30 டிகிரிச் சூட்டில் பிஎச் 7 என்றால் நூறில் ஒரு பங்குகூட விஷமில்லை. பிஎச் 8 ஆனால் ஏழெட்டுப் பங்கு. பிஎச் 9 ஆனால் நாற்பதுக்கு மேல். அதனால் காலையில் எடுத்த 1 வேறு, மதியம் எடுத்த 1 வேறு. காலையில் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்று விட்ட அதே தண்ணீர் மதியம் மூன்று மணிக்கு மீனின் செவுளை அரித்துக்கொண்டிருக்கும். அம்மோனியாவை மட்டும் தனியாகச் சோதிப்பது அரைக்கிணறு தாண்டுவதுதான். பிஎச்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதுவும் மதியம்.

எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவர் குட்டை நாற்றம் அடித்தது. சுண்ணாம்பு போடு என்று யாரோ சொல்ல, வெள்ளையடிக்க வாங்கிவைத்த சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மீன் இருக்கும்போதே பத்துக் கிலோ கொட்டிவிட்டார். மதியத்துக்குள் மீன் எல்லாம் துள்ளித் துள்ளி விழுந்தன. பிஎச் ஒரே அடியாக ஏறி, கிடந்த அம்மோனியா முழுக்க விஷமாகிவிட்டது. சுட்ட சுண்ணாம்பு, மீன் விடுவதற்கு முன்னால் காய்ந்த குட்டைக்குப் போட வேண்டிய சரக்கு. மீன் இருக்கும் தண்ணீரில் காரத்தன்மையைத் தாங்கவைக்க வேண்டுமென்றால் சுடாத, அரைத்த சுண்ணாம்புக்கல் தூள் இருக்கிறது, அது மெதுவாகக் கரையும், அவ்வளவாகப் பிஎச்சை ஏற்றாது. அவசரத்துக்கு அடுப்படியில் இருக்கும் ஆப்பசோடாகூட அதைவிட நல்லது. காரத்தன்மை என்று நான் சொல்வது பிஎச் அல்ல, பிஎச்சை அங்கே இங்கே ஓடவிடாமல் பிடித்துவைக்கும் சக்தி. அது லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பிஎச் ஊஞ்சலாடும். மழைக்காலத்தில் இது தானாகவே இறங்கும், மழைத்தண்ணீரில் சரக்கு கிடையாது.

நைட்ரைட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மோனியாவை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை அவ்வளவாகக் கெடுதலில்லாத நைட்ரேட்டாக்கும். புதுக் குட்டையில் இந்தக் கூட்டங்கள் பெருகவே ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும், அதற்குள் முழு எண்ணிக்கை மீனையும் விடுவது, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் பந்தி போடுவது மாதிரி. நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இல்லாமல் காபிப்பொடி நிறத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கல் உப்பு உதவும், உப்பில் இருக்கும் குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கிறது. என் குட்டைக்கு மூன்று கிலோ போட்டேன்.

எல்லாரும் தினமும் சொட்டு மருந்தோடு உட்கார முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கை இருக்கிறது. மதியம் வெயில் நேரத்தில் கையை நேராகத் தண்ணீருக்குள் இறக்குங்கள். முழங்கை நனைவதற்குச் சற்று முன்னால் உள்ளங்கை கண்ணுக்கு மறைந்தால், அதாவது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, 30 முதல் 40 சென்டிமீட்டர், பாசி அளவாக இருக்கிறது. ஒரு சாணுக்குள்ளேயே மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது, அன்றைக்கு இரவு ஆபத்து, சாயங்காலத் தீவனத்தை நிறுத்துங்கள். 1865-ல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் ஆராய்ந்தவர், கடலில் வெள்ளைத் தட்டை இறக்கி இதைத்தான் பார்த்தார். இப்போது கறுப்பும் வெள்ளையுமாகத் தட்டு விற்கிறார்கள். நான் பழைய எவர்சில்வர் மூடி ஒன்றுக்குப் பெயின்ட் அடித்து, கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன், மூடி யாருடையது என்று வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது. கண்ணாடி மாதிரி அடிவரை தெரிகிற தண்ணீர் என்றால் பாசியே இல்லை, பகலில் ஆக்சிஜன் கொடுக்க ஆளில்லை என்று அர்த்தம். குஞ்சு கொடுத்தவர் மெச்சிய தண்ணீர் அதுதான்.

இதையெல்லாம் சொன்னால், பாட்டி காலத்தில் யார் சோதித்தார்கள், அப்போது மீன் இல்லையா என்று கேட்கிறார்கள். இருந்தது. கெண்டையும் கெளுத்தியும் குறவையுமாகத் தானாக வந்தவை, மொத்தமே பத்திருபது இருக்கும். யாரும் மூட்டை மூட்டையாகத் தீவனம் கொட்டவில்லை. அதோடு ஒவ்வொரு கோடையிலும் தண்ணீரை வடித்து, மீனைப் பிடித்து, சேற்றை அள்ளி வாழைக்கும் தென்னைக்கும் போட்டு, அடி வெடிக்கிற அளவுக்குக் காயவிட்டார்கள். ஒரு வருடக் கசடும் அதில் தீர்ந்துவிடும். நாம் அந்த வேலையை விட்டுவிட்டோம், தீவனத்தை மட்டும் சேர்த்துக்கொண்டோம். 2018 நவம்பர் 16-ல் கஜா அடித்தபோது எங்கள் கொல்லைத் தென்னைகள் இந்தக் குட்டையில்தான் விழுந்தன. மட்டையும் இலையும் ஊறி ஒரு வாரத்தில் தண்ணீர் டிக்காஷன் மாதிரி கறுத்து, இருந்த மீனும் மிதந்தது. மின்சாரமும் இல்லை, மனிதர்களுக்கே குடிக்கத் தண்ணீர் தேடி அலைந்த நாட்கள், மீனைப் பற்றி யார் நினைத்தார்கள். மக்குகிற இலை ஆக்சிஜனைத் தின்னும் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புயல் மேல் பழியைப் போட்டுவிட்டு மறந்தேன். இப்போது குட்டைமேல் வலை கட்டியிருக்கிறேன், பக்கத்து மாமர இலை தினமும் ஒரு கூடை விழுகிறது.

வெளியிலிருந்து விடும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் குட்டையை நிரப்பிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். மேலே வயலில் யூரியா போட்டிருக்கிறார்களா, மருந்து அடித்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் மடையைத் திறக்க வேண்டும், பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் மீனுக்குத் துளி அளவே போதும். கொசுப் புகை அடிக்க வரும்போதும் அதனால்தான் தார்ப்பாய் போட்டு மூடுகிறேன். போர் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, சில இடங்களில் இரும்பும் இருக்கும். உயரத்திலிருந்து சல்லடை வழியாகக் கொட்டவிட்டுச் சேர்க்க வேண்டும். டவுனில் மாடியிலும் முற்றத்திலும் தொட்டி கட்டி வண்ணமீன் வளர்ப்பவர்களுக்குக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், வெயிலில் இரண்டு நாள் திறந்துவைத்தால் போகும், அவசரமென்றால் ஹைப்போ. குளோரின் ஒரு பங்குக்கு ஹைப்போ ஏழு பங்கு. புது சிமென்ட் தொட்டியானால் வாழைமரத்தை வெட்டித் துண்டு போட்டு ஊறவைத்து, தண்ணீரை நாலைந்து தடவை மாற்றி, பிஎச் 8.5-க்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகுதான் மீன். இதை வண்ணமீன் வளர்ப்பவர்கள் காலங்காலமாகச் செய்கிறார்கள், வீட்டில் தொட்டி கட்டுகிற கொத்தனார்தான் சொல்வதில்லை.

கடைகளில் பாக்டீரியா பவுடர், அம்மோனியாவை உறிஞ்சும் கல், தண்ணீரைத் தெளியவைக்கும் திரவம் என்று ஏகப்பட்டது விற்கிறார்கள். ஒன்றிரண்டு வேலை செய்யலாம். ஆனால் எண் தெரியாமல் மருந்து வாங்குவது, காய்ச்சலா வயிற்றுவலியா என்று பார்க்காமல் மாத்திரை போடுவதுதான். எண் கெட்டிருந்தால் முதல் மருந்து தீவனத்தை நிறுத்துவது, இரண்டாவது கால்பங்குத் தண்ணீரை மாற்றுவது, இரண்டுக்கும் காசில்லை, அதனால்தான் யாரும் விற்பதில்லை. இன்னொரு கூட்டம், எந்தத் தண்ணீரிலும் வளரும் கெளுத்தி இருக்கிறது, சோதனையே வேண்டாம் என்று ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சைக் கொண்டுவந்து நீட்டும். நம் நாட்டில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது. தண்ணீரைக் கவனிக்கச் சோம்பேறித்தனப்பட்டு அந்த வம்பை வாங்காதீர்கள்.

சோதிப்பதிலும் சில சங்கடங்கள் உண்டு. சோதனைக் குழாயைக் குட்டைத் தண்ணீராலேயே மூன்று தடவை அலச வேண்டும். வாயை விரலால் மூடிக் குலுக்கக்கூடாது, நம் வியர்வையிலேயே அம்மோனியா இருக்கிறது. மருந்துப் பாட்டிலின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். பேனா மாதிரி வரும் பிஎச் மீட்டரை அடிக்கடி தெரிந்த கரைசலில் வைத்துச் சரிபார்க்காவிட்டால் அது பாட்டுக்கு ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். நிறத்தைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் படிக்கக்கூடாது, பகல் வெளிச்சத்தில் வெள்ளைத்தாளுக்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். அம்மோனியாச் சோதனையில், அம்மோனியா இருந்தால் மஞ்சள் பச்சையாக மாறும், எனக்குக் கண்புரை இருப்பதால் ஏழாவது படிக்கும் பேத்திதான் படிக்கிறாள். "தாத்தா, இது மஞ்சள்தான்" என்பாள், எனக்குப் பச்சை விழுந்த மாதிரியே இருக்கும். தகராறு முடிவதற்குள் பள்ளிக்கூட வேன் வந்துவிடும்.

கேட்பது இரண்டு விஷயம். பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டம் 2020-ல் வந்தபோது மீன் வளர்ப்புக்குப் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று அறிவித்தார்கள். குட்டைக்கும் குஞ்சுக்கும் தீவனத்துக்கும் கொடுக்கும்போது, ஒரு சோதனைப் பெட்டியையும் அதைக் குட்டைக் கரையில் வைத்துக் கற்றுக்கொடுக்க ஒரு காலைப்பொழுதையும் கட்டாயமாகச் சேர்க்கட்டும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது, மாணவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு கிராமத்துக்கு வந்து நாலு குட்டையில் அளந்து காட்டினால் அவர்களுக்கும் பாடம்தான். டீ எங்கள் செலவு.

இரண்டாவது உங்களுக்கு. அடுத்தமுறை கொல்லைப்புற மீன்குட்டை பற்றிக் கட்டுரை போட்டால், வருமானம் எவ்வளவு என்று கேட்கிற செய்தியாளர், விடியற்காலையில் ஆக்சிஜன் எவ்வளவு, மதியம் பிஎச் எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை மீன் என்றும் கேட்டு, ரூபாய்க் கணக்குப் போட்ட அதே பெட்டியில் போடச் சொல்லுங்கள். பேட்டி கொடுப்பவருக்குப் பதில் தெரியவில்லையென்றால் அதையும் அப்படியே போடுங்கள்.

என் குட்டையில் இப்போது 26 மீன் இருக்கிறது. இன்று காலை 5.40-க்கு ஆக்சிஜன் 4, பிஎச் 7.6, அம்மோனியா மஞ்சள் என்று பேத்தி சொல்கிறாள். வானம் மூடியிருக்கிறது, அதனால் இன்றைக்குத் தீவனம் கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.